மூன்றரை விரல்

கார்ஸ்பி, அயோவா
6 மார்ச் 1988

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு,

நானும் லோவெலும் இங்கே சுகம். நீ, ஜோலின், பிள்ளைகள் எல்லாரும் அங்கே எப்படி? இருநூற்றைம்பது மைல் தள்ளி இருப்பவனிடம் ஃபோனில் பேசினால் பில் வருகிற அன்றைக்கு உன் அத்தான் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அதனால் கடிதமே நல்லது. நீயும் உன் கையால் பதில் எழுது. ஜோலினை எழுதச் சொல்லிவிட்டுக் கீழே பெயரை மட்டும் போடாதே.

எங்கள் பன்றிக்கறி ஆலையில் ஒரு புதுக்கூத்து. கேன்டீன் வாசலில் ஒரு அலுமினியப் படகைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், மோட்டாரோடு. பாதுகாப்பு பிங்கோவாம். ஆளுக்கொரு பிங்கோ அட்டை, அதில் இருபத்துநாலு எண். ஒரு நாள் முழுக்க யாருக்கும் காயம் இல்லையென்றால் மறுநாள் காலையில் ஒலிபெருக்கியில் ஒரு எண் வாசிப்பார்கள். யார் அட்டை முதலில் நிரம்புகிறதோ அவருக்குப் படகு. ஆனால் ஒரே ஒருத்தர் காயமென்று போய் அது ஆலைப் புத்தகத்தில் ஏறிவிட்டாலும் போச்சு. எல்லார் அட்டையையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

எனக்கு ஏழு எண் விழுந்திருந்தது. அதற்குள் ஜெனிவா, பன்றித் தொடையில் எலும்பு எடுக்கும் மேசையில் எனக்கு எதிரே நிற்கிற ஒல்லிக்காரி, முழங்கையைப் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் போய்விட்டாள். அட்டையெல்லாம் குப்பைக்குப் போனது. டர்க் தெரியுமில்லையா, எங்கள் சூப்பர்வைசர், ஒலிபெருக்கியிலேயே சொன்னான்: "படகு போச்சேன்னு என்னைத் திட்டாதீங்க. யாரைத் திட்டணுமோ அவங்களைத் திட்டுங்க." மறுநாள் கேன்டீனில் ஜெனிவா மேசையில் ஒருத்தரும் உட்காரவில்லை. அவள் பூட்ஸுக்குள் யாரோ ஒரு பன்றிக் காதைப் போட்டு வைத்திருந்தார்கள். அவள் காலை உள்ளே விட்டுவிட்டு அலறிய அலறலில் நான் சிரித்துச் சிரித்து காபி மூக்கில் ஏறிவிட்டது.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. கத்தி பிடிக்கிற கை காலையில் கொஞ்சம் மரத்துப் போகிறது. உதறினால் சரியாகிவிடும். சோளம் அறுக்கிற மெஷினில் விரல் போன அன்றைக்கே அப்பா, "பரவால்ல, இன்னும் ஒம்போது இருக்கு" என்றவர். அவர் பெண் இதற்கெல்லாம் முனகுவாளா? நீ எலும்பைத் திருகிச் சரிசெய்கிற கைரோபிராக்டர் ஆயிற்றே என்று சொன்னேன், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
ஆர்டிஸ்


மெர்டன்
14 மார்ச் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். அத்தான் நலமா? பார், என் கையால்தான் எழுதுகிறேன்.

படகெல்லாம் இருக்கட்டும். கை மரத்துப் போவதை நீ கடைசி வரியில் எழுதினாலும் நான் முதலில் படித்தது அதைத்தான். எந்தெந்த விரல் என்று கவனித்தாயா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. இந்த மூன்றரை விரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் அது கார்ப்பல் டனல். மணிக்கட்டுக்குள் நரம்பு போக ஒரு குறுகலான வழி இருக்கிறது. நாள் முழுக்கக் கத்தியை இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு அந்த வழி வீங்கி நரம்பை நெருக்கும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு நிமிடம் அழுத்திப் பார். விரலில் எறும்பு ஊர்ந்தால் அதுவேதான்.

பயப்படாதே. ஆனால் ஆலை நர்ஸிடம் போகாதே. அவள் உன்னை சர்ஜனிடம் தள்ளுவாள். சர்ஜனுக்குத் தெரிந்தது கத்தி ஒன்றுதான். அந்த நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. கழுத்தையும் மணிக்கட்டு எலும்புகளையும் முறையாக நகர்த்திச் சீர்படுத்தினால், ஆரம்ப நிலையில் நல்ல சுகம் கிடைக்கும். உங்கள் ஊர் மெயின் தெருவில் புதிதாக வைத்தியசாலை திறந்திருக்கும் ஹோவிங் என்னோடு படித்தவன், தங்கமான ஆள். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு மூன்று தடவை போ. அவனிடம் போனால் அது ஆலைப் புத்தகத்தில் ஏறாது, யார் அட்டையும் கிழியாது.

ஒன்று மட்டும் செய். எப்படி இருக்கிறது என்று எனக்கு அவ்வப்போது எழுது. டைப் அடிக்காதே, கையால் எழுது. எழுத்தைப் பார்த்தே உன் நரம்பின் நிலைமையைச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்
வெர்லின்


கார்ஸ்பி
3 ஏப்ரல் 1988, ஈஸ்டர்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். லோவெல் பண்டிகைக்கு ஹாம் வேண்டுமென்றான். வாரம் ஆறு நாள் நான் முகம் பார்ப்பது பன்றித் தொடைகளைத்தான், ஏழாவது நாளும் அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று கோழி வாங்கிவிட்டேன்.

உன் ஹோவிங்கிடம் போனேன். வாசலில் ஆலை ஆட்கள் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னவென்று கேட்டால் எல்லாரும், "சும்மா முதுகு வலி" என்றார்கள். கை மட்டும் எல்லாருக்கும் மடியில் செத்த மீன் மாதிரி கிடந்தது. நானும், "எனக்கும் முதுகுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஆள் நல்ல உயரம். "வாங்கக்கா, வெர்லின் அக்காவா நீங்க? அவன் எனக்குக் கூடப் பிறக்காத பிறப்பு. குப்புறப் படுங்க. மூச்சை விடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே கழுத்தை ஒரு திருகு திருகினான். என் தலை அவன் கையோடு போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் மணிக்கட்டின் சின்னச் சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி நகர்த்தினான், பனிக்கட்டி வைத்தான், தூங்கும்போது கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தான். கேலி செய்யலாம் என்றுதான் போனேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்கு அப்புறம் விடியும்வரை அசையாமல் தூங்கினேன். கை எவ்வளவோ தேவலை. உன் படிப்பு வீண் இல்லை என்று லோவெலிடமே சொன்னேன், அவனுக்கு எப்போதும் சந்தேகம் பார்.

புது அட்டையில் ஆறு எண் விழுந்துவிட்டது. ஜெனிவா இப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

உன் அக்கா
ஆர்டிஸ்


மெர்டன்
25 ஏப்ரல் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் படித்து மனம் நிறைந்தது. "கை எவ்வளவோ தேவலை" என்ற வரியை ஜோலினுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இதே மாதிரி எழுது. அடுத்த கடிதத்தில் ஒரு தகவல் சேர்த்துக்கொள்: ஹோவிங்கிடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாளாவது லீவு போட்டாயா? எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நேரமில்லாததால் சுருக்கமாக முடிக்கிறேன்.

வெர்லின்


கார்ஸ்பி
26 ஜூன் 1988

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். வெயில்தான் கொல்கிறது. மழை இல்லாமல் சோளம் முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை, விவசாயிகள் சர்ச்சில் முதல் வரிசையில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

நீ கேட்டாயே, ஒரு நாள்கூட லீவு போடவில்லை. டர்க் லைன் வேகத்தைக் கூட்டிவிட்டான். முன்பு ஒரு தொடை வந்து அடுத்த தொடை வருவதற்குள் மூக்கைச் சொறிய நேரம் இருக்கும். இப்போது மூக்கு சும்மா இருந்துகொள்ள வேண்டியதுதான். வாரம் மூன்று தடவை தவறாமல் ஹோவிங்கிடம் போகிறேன். போய்விட்டு வந்த அன்றைக்குப் பரவாயில்லை. வியாழக்கிழமை பௌலிங்கில் பந்து முன்னால் போகாமல் பின்னால் போனது. பாதிரியார் காலைத் தூக்கிக்கொண்டு, "ஆர்டிஸ், எம்மேல எதாவது வருத்தம்னா வாயால சொல்லும்மா" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. அட்டையில் பதினாறு விழுந்துவிட்டது, இன்னும் எட்டுதான்.

ஒரு தாள் தீர்ந்துவிட்டது, இன்னொன்று எடுத்திருக்கிறேன். மேலே எழுதியதெல்லாம் லோவெல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எழுதியது. அவன் இப்போது புல் வெட்டப் போய்விட்டான்.

வெர்லின், கை சரியில்லை. முன்பெல்லாம் மரத்தது போய்விடும், இப்போது போவதே இல்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடாக இருக்குமே சதை, அது வற்றி, கரண்டி வைத்துத் தோண்டிய மாதிரி குழியாகிவிட்டது. ஹோவிங்கிடம் காட்டினேன். "கழுத்துதாங்கக்கா காரணம், இன்னும் ஒரு பதினாலு தடவை வாங்க" என்றான். சூ சிட்டியில் நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்கிறாராம். போனால் புத்தகத்தில் ஏறிவிடும், நூற்று நாற்பது பேர் அட்டை கிழிந்துவிடும். அவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், நானே செய்தவள்தானே. ஆனாலும் கை போய்விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? நீ என் தம்பி, டாக்டர் வேறு. போ என்று ஒரு வார்த்தை சொல், நாளைக்கே போகிறேன். உடனே பதில் போடு.

ஆர்டிஸ்


மெர்டன்
6 செப்டம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள். ஏரிக்கரையில் வீடு கட்டுகிறோம், ஜோலின் சமையலறை அலமாரிக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். பெரியவன் கால்பந்து அணியில் சேர்ந்துவிட்டான். மரவேலை செய்பவர்கள் சொன்ன நாளில் வருவதில்லை.

சதை இளைப்பது பற்றி எழுதியிருந்தாய். உனக்கு நாற்பத்தாறு வயது ஆகிறது. வயதானால் சதை இளைக்கத்தான் செய்யும். ஹோவிங் உன்னைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்? அக்டோபர் முடியட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை அவசரப்பட்டு வேறு யாரிடமும் போகாதே. பனிக்கட்டி ஒத்தடம் கொடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வெர்லின்


கார்ஸ்பி
13 நவம்பர் 1988

வெர்லினுக்கு,

சுகம் என்று எழுதிப் பழகிய கை. எழுதிவிட்டு மேலே போகிறேன்.

படகு எனக்குத்தான் விழுந்தது. அக்டோபர் ஏழாம் தேதி. எல்லாரும் கை தட்டினார்கள், டர்க் என் தோளில் தட்டி, "ஆர்டிஸைப் பாத்துக் கத்துக்குங்க, இருபத்தேழு வருஷமா ஒரு நாள் முனகினது கிடையாது" என்றான். ஞாயிற்றுக்கிழமை லோவெல் ஏரிக்குக் கூட்டிப் போனான். முதல் தடவை நீதான் கிளப்ப வேண்டும் என்று மோட்டார் கயிற்றை என் கையில் கொடுத்தான். இழுத்தேன். மோட்டார் பேசவில்லை. மறுபடி இழுத்தேன். லோவெல் சிரித்துக்கொண்டே, "கயித்தைப் புடிச்சிட்டு இழுடி" என்றான். பிடித்திருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் கயிறு கீழே கிடக்கிறது. அவன் சிரிப்பை நிறுத்தி என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மறுநாள் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே சூ சிட்டிக்குப் போய்விட்டான்.

லோவெல் ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்காதவன், வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டர் பெயர் பெட்ராக், வயதானவர், சிடுசிடுப்பு. ஊசி குத்திக் கரண்ட் விட்டுப் பார்த்தார்.

"சதை எப்ப வத்திச்சு?"

"ஜூன்ல பாத்தேன்."

"இப்ப என்ன மாசம்?"

"என் தம்பி கைரோபிராக்டர். அவன் பொறுக்கச் சொன்னான்."

"ஆரம்பத்துல அந்த வைத்தியம் சில பேருக்குச் சுகம் கொடுக்கும்மா, அதை நான் குத்தம் சொல்லலை. உங்களுக்கும் கொடுத்திருக்கு. ஆனா சதை வத்தினா அன்னைக்கே ஓடி வரணும். இது எங்க தொழில்ல சின்னப் பையனுக்கும் தெரியும், உங்க தம்பிக்குத் தெரியாதா? ஆபரேஷன் பண்றேன். வலி போகும். சதை திரும்பாது. கட்டைவிரல் இனிமே எதையும் எதிர்த்துப் புடிக்காது."

டிசம்பரில் ஆபரேஷன். ஆலைப் புத்தகத்தில் ஏற்றி, இழப்பீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது பிங்கோவுக்குப் பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டி பரிசு. நூற்று நாற்பது அட்டை கிழிந்தது. "படகை வாங்கிக்கிட்டு இப்ப கை போச்சுங்கிறா" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். கேன்டீனில் தனியாக உட்கார்ந்தேன். ஜெனிவா தட்டோடு என் மேசையைப் பார்த்து வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருவேன்னு நினைச்சியா? உப்பு எடுக்க வந்தேன்" என்று சொல்லி, உப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் முடியட்டும் என்று எழுதினாயே, அக்டோபரில் என்ன இருந்தது?

ஆர்டிஸ்


மெர்டன்
21 நவம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கண்டு வருந்தினேன். உடல்நலம் பேண். ஆனால் இழப்பீட்டு மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விசாரணை என்று வந்தால் எல்லாவற்றையும் கேட்பார்கள், எல்லாத் தாளையும் எடுப்பார்கள். குடும்பத்துக்கு அது நல்லதல்ல. ஏன் என்று என்னைக் கேட்காதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

வெர்லின்


கார்ஸ்பி
19 பிப்ரவரி 1989

வெர்லின்,

இடது கையால் எழுதுகிறேன். முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். சுகம் விசாரிக்கவில்லை. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இழப்பீட்டு விசாரணை. ஆலை வக்கீல் சின்ன வயதுக்காரன், மரியாதையாகப் பேசினான். ஒரு கோப்பைத் திறந்து தாள்களை எடுத்து வைத்தான். என் கடிதங்கள். நான் உனக்கு எழுதினவை. ஹோவிங்கின் நோயாளிக் கோப்பில் இருந்ததாம்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா."

"ஏப்ரல் மூணு: 'கை எவ்வளவோ தேவலை.' ஜூன் இருபத்தாறு: 'நாங்கள் எல்லாரும் சுகம். ஒரு நாள்கூட லீவு போடவில்லை.' அந்த ஜூன்லதான் சதை வத்திச்சுன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. ரெண்டுல எதும்மா பொய்?"

நான் விசாரணை ஆணையரைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, கடுதாசின்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும். எங்க வீட்ல செத்துக்கிட்டு இருந்தாலும் சுகம்னுதான் எழுதுவோம். உங்க வீட்ல எப்படி எழுதுவாங்க?" அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, நம்மைப் போல நார்வேக்காரர்தான், அவர் வீட்டிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால், "எழுத்துல இருக்கிறதைத்தாம்மா நான் பாக்க முடியும்" என்றார்.

ஜூன் கடிதத்தில் இரண்டு தாள். அங்கே இருந்தது ஒரு தாள். கட்டைவிரலைப் பற்றி எழுதின இரண்டாம் தாள் இல்லை. "இன்னொரு தாள் இருக்குய்யா" என்று கத்தினேன். "எங்கம்மா?" என்றார். எங்கே, வெர்லின்? கிழித்தாயா, கணப்பில் போட்டாயா? முதல் தாளை உறையில் போட்டு ஹோவிங்குக்கு அனுப்பும்போது இரண்டாம் தாள் உன் மேசையில் பக்கத்திலேயே கிடந்திருக்கும் இல்லையா?

அன்றைக்குத்தான் மற்றதும் தெரிந்தது. ஹோவிங்கும் நீயும் கூட்டாளிகள். இந்த ஆலையோடு சேர்த்து ஐந்து ஆலை உங்கள் கையில். ஆட்களைப் புத்தகத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்கிற ஒப்பந்தம், வருடா வருடம் அக்டோபர் முப்பத்தொன்றில் புதுப்பிக்கிறது. ஹோவிங் வாய் கூசாமல் சொன்னான். நீ வரவில்லை, உன் பிரமாணப் பத்திரம் மட்டும் வந்தது. அதில் என்னை 'அந்த நோயாளி' என்று எழுதியிருந்தாய்.

மனு தள்ளுபடி. ஆலையில் பெட்டி மடிக்கிற வேலை கொடுத்தார்கள், பெட்டி மடிக்கவும் கட்டைவிரல் வேண்டும். வீட்டில் இருக்கிறேன். எனக்கு வலிக்கிறது. கையை மட்டும் சொல்லவில்லை.

ஆர்டிஸ்


மெர்டன்
2 மே 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைப் பிரிக்காமலே கிழித்துவிடலாம். பிரித்திருந்தால் கடைசிவரை படி.

நடந்ததற்கு நான் என்ன சொன்னாலும் போதாது. ஹோவிங் கேட்டான், கொடுத்தேன். விசாரணைக்குப் போகும் என்று அப்போது நினைக்கவில்லை. இரண்டாம் தாளைப் பற்றி எழுத எனக்குத் துணிவில்லை.

எனக்கும் வந்துவிட்டது, அக்கா. வலது கை, அதே மூன்றரை விரல். பத்தொன்பது வருடம் நாளுக்கு ஐம்பது முதுகை அழுத்திய மணிக்கட்டு. இரண்டு வருடமாகவே இருந்தது. உன் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு இருந்தது. இப்போது நோயாளியின் முதுகில் கை வைத்தால் எலும்பு எது சதை எது என்று தெரியவில்லை. கட்டைவிரல் மேடு லேசாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஹோவிங்கிடம் ஏன் போகவில்லை என்று கேட்காதே.

மெர்டனிலோ பக்கத்து ஊர்களிலோ சர்ஜனிடம் போக முடியாது. 'கத்தி வேண்டாம்' என்று என் படத்தோடு நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகையே இருக்கிறது. பெட்ராக் ஆலை வழக்குகள் பார்ப்பவர், என் பெயர் அவருக்குத் தெரியும். அத்தான் பெயரில் ஒரு நேரம் வாங்கித் தருவாயா? எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். உனக்குத் தெரியும், இதில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். உன்னை விட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை.

உன் தம்பி
வெர்லின்


கார்ஸ்பி
14 மே 1989

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றைக்கே பெட்ராக் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஆபரேஷன்கள் நிறைய இருக்கிறதாம், லோவெல் பெயரில் ஜூலை பதினெட்டுதான் கிடைத்தது. சொந்தத் தம்பிக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா? பொறுத்துக்கொள். இடையில் வேறு யாரிடமாவது போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. தேதி மாறினால் எழுதுகிறேன்.

ஆர்டிஸ்


கார்ஸ்பி
8 அக்டோபர் 1989

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். ஒற்றைக் கையால் அவ்வளவு தூரம் ஓட்டினாயே என்று லோவெல் கவலைப்பட்டான்.

பெட்ராக் அறை வாசலில் நர்ஸ், "லோவெல் ஸ்டாவிக்! லோவெல் ஸ்டாவிக் யாரு?" என்று மூன்று தடவை கூப்பிட்டும் நீ பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தாய். உள்ளே போனவன் இருபது நிமிடத்தில் வெளியே வந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். "என்னடா சொன்னார்?" என்று கேட்டேன். "மே மாசம் வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். இனி சதை வராதாம்" என்றாய். சுவரில் சாய்ந்து அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் உனக்குச் சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் கூப்பிட்டது உண்மை. மே இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்தார்கள். யாரோ வராமல் போன இடமாம். "உங்க வீட்டுக்காரருக்கு அதிர்ஷ்டம்தாம்மா" என்று அந்தப் பெண் சொன்னாள். வாங்கிக்கொண்டேன். ஃபோனை வைத்தேன். மறுபடி கூப்பிட்டு, அன்றைக்கு அவருக்கு வேலை இருக்கிறது, ஜூலையில் கொடுங்கள் என்றேன். ஜூலையில் கூப்பிட்டு ஆகஸ்டுக்கு மாற்றினேன். ஆகஸ்டில் கூப்பிட்டு அக்டோபருக்கு. ஒவ்வொரு தடவையும் டாக்டர்தான் தள்ளிவிட்டார் என்று உனக்குத் தபால் அட்டை போட்டேன். நீயும் நம்பினாய். அக்கா பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவாய்?

ஏதாவது ஒரு மாதம் மனம் பொறுக்காமல் விட்டுக் கொடுத்துவிடுவேன் என்று எதிர்பார்த்தேன். இல்லை. உன் எழுத்து கடிதத்துக்குக் கடிதம் கோணிக்கொண்டே போவதைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். தேதி மாற்றியது எதுவும் லோவெலுக்குத் தெரியாது. நீ சொல்லிக்கொள்வதானால் சொல்லிக்கொள். ஆனால் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும்.

அடுத்த மாதம் நன்றியறிதல் பண்டிகைக்கு ஜோலினையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. உருளைக்கிழங்கு நான் பார்த்துக்கொள்கிறேன். வான்கோழியை லோவெல்தான் வெட்ட வேண்டும். கத்தி பிடிக்க நம் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

உன் அக்கா
ஆர்டிஸ்